பாட்சி கிளைனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’: அந்தப் பன்னிரண்டு பாட்டில் இருப்பது யார்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிராமியப் பாணியிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகி பாட்சி கிளைனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ சிடி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதில் முதல் பாட்டான ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’, 1957 என்று போட்டு இணையத்தில் கிடைக்கும் பதிவு மாதிரி இல்லை. அதனால் உங்களிடம் இருப்பது டூப்ளிகேட்டோ என்று சந்தேகம். அடுத்தது, அமெரிக்காவில் ஒரு கோடி பிரதி போன ஆல்பம் என்கிறார்கள், ஆனால் உயிரோடு இருந்தபோது அவருக்கு நம்பர் ஒன் ஆனது இரண்டே பாட்டு, அப்படியிருக்க ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இந்த ஒரு ஆல்பத்தைக் கேட்டால் அந்த அம்மாவைக் கேட்டதாகுமா?

நான் இருபது வருடத்துக்கு மேலாக ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் மிக்ஸிங், மாஸ்டரிங் பார்ப்பவன். பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து மறுவெளியீட்டுக்குத் தயார் செய்வதுதான் பெரும்பாலும் என் வேலை. கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் ஊருக்கு நான் போனதில்லை. அங்கே நடந்தவற்றை அச்சில் வந்ததை வைத்துச் சொல்கிறேன். ஒலியைப் பற்றிச் சொல்வதெல்லாம் என் காதை வைத்து. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

உங்கள் சிடி டூப்ளிகேட் இல்லை. டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனி 1967 மார்ச்சில் எல்.பி.யாக வெளியிட்ட தொகுப்பு அது. பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டு, மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். 1963 மார்ச் 5-ஆம் தேதி டென்னசி மாநிலம் கேம்டனுக்கு அருகே நடந்த சிறு விமான விபத்தில் பாட்சி இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. இறந்து நான்கு வருடம் கழித்து வந்த ஆல்பம் இது. அதில் இருக்கும் ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’ 1957-இல் ஹிட்டான பதிவே அல்ல. அதே பாட்டை அவரே 1961-இல் திரும்பப் பாடிப் பதிவு செய்தது. இரண்டும் அவர் குரல்தான், இரண்டும் அசல்தான். ஆனால் நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் ஓடியிருக்கிறது, அந்த ஐந்து வருடத்தில் ஒரு பெரிய கதையும் இருக்கிறது.

அந்தக் கதை ஒரு ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. வர்ஜீனியாவின் வின்செஸ்டரில் 1932-இல் பிறந்தவர் பாட்சி. 1954-இல் ஃபோர் ஸ்டார் என்ற சின்னக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். ராயல்டி குறைவு, அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விலங்கு, அந்தக் கம்பெனிக்குப் பதிப்புரிமை இருக்கும் பாட்டுகளை மட்டுமே அவர் பாடலாம் என்ற நிபந்தனை. எவ்வளவு நல்ல பாட்டை யார் கொண்டுவந்து கொடுத்தாலும், ஃபோர் ஸ்டாருக்கு உரிமை இல்லையென்றால் தொட முடியாது. 1955 முதல் 1960 வரை ஐம்பது பாட்டு அளவுக்குப் பதிவு செய்தார். அத்தனையிலும் பெரிதாக எடுபட்டது ஒன்றே ஒன்று. 1956 நவம்பரில் பதிவான அந்தப் பாட்டை 1957 ஜனவரியில் ஆர்தர் காட்ஃப்ரியின் டிவி திறமைப் போட்டியில் பாடி அவர் ஜெயித்தார். வாராவாரம் வெளியாகும் ஹிட் பட்டியல்களில், கன்ட்ரி பட்டியலில் 2-ஆம் இடம், பாப் பட்டியலில் 12-ஆம் இடம். அதுதான் ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’, உங்கள் சிடியில் மறுபதிவாக முதலில் வரும் பாட்டு. அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேல் ஒரு ஹிட்டும் இல்லை.

இதில் எல்லாரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. டெக்காவுக்குப் போய் ஓவன் பிராட்லி என்ற தயாரிப்பாளர் கையில் சிக்கிய பிறகுதான் பாட்சி பாட்சியானார் என்று எழுதுவார்கள். பாதி உண்மைதான். ஃபோர் ஸ்டார் காலப் பதிவுகளையும் பெரும்பாலும் மேற்பார்த்தவர் அதே ஓவன் பிராட்லிதான். அதே பாடகி, அதே தயாரிப்பாளர், அதே ஊர். 1960-இல் ஒப்பந்தம் முடிந்து அவர் நேரடியாக டெக்காவுக்கு வந்தபோது பெரிதாக மாறியது ஒன்றுதான்: எந்தப் பாட்டைப் பாடுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். 1960 நவம்பரில் டெக்காவுக்கான முதல் செஷனிலேயே ‘ஐ ஃபால் டு பீசஸ்’ பதிவானது. ஹாங்க் காக்ரனும் ஹார்லன் ஹோவர்டும் எழுதிய பாட்டு. 1961 ஆகஸ்டில் கன்ட்ரி பட்டியலில் முதல் இடம் பிடித்தது. பாடகர்களிடம் வேலை செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவர் குரல் ‘முதிர்ந்தது’ என்று நாம் சொல்வதில் பாதி, அந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டு வந்து சேர்ந்தது என்பதுதான்.

இப்போது அந்த முதல் பாட்டின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து கேளுங்கள். 1956 பதிவில் முன்னே நிற்பது ஸ்டீல் கிதார். வாசித்தவர் டான் ஹெல்ம்ஸ், கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் குழுவில் இருந்தவர். அந்த இழுப்பும் அழுகையும் சேர்ந்து, இரவில் தனியாக நடக்கும் ஒரு பெண்ணை நாட்டுப்புறச் சாலையிலேயே வைத்துவிடுகின்றன. 1961 பதிவில் ஜோர்டனேர்ஸ் குழுவின் ஆண் கோரஸ் பின்னால் மெத்தை விரித்தாற்போல் வருகிறது, பியானோ துள்ளுகிறது, பாட்டின் நீளமும் குறைவு. சாலை நகரத்துக்கு வந்துவிட்டது. பாட்சியும் முதல் பதிவில் கொஞ்சம் தள்ளிப் பாடுகிறார், இரண்டாவதில் வார்த்தைகளுக்குள் சாவகாசமாக உட்கார்ந்து பாடுகிறார். எனக்கு முதல் பதிவுதான் உயர்வாகப் படுகிறது. அது என் ருசி, அதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஏன் மறுபதிவு என்றால், பழைய மாஸ்டர் டேப் ஃபோர் ஸ்டாருக்குச் சொந்தம், டெக்காவுக்குத் தன் சொந்தப் பிரதி தேவைப்பட்டிருக்கும். இது என் ஊகம், ஆனால் இந்தத் தொழிலில் இன்றும் பாடகர்கள் பழைய ஹிட்டைத் திரும்பப் பாடுவது பெரும்பாலும் இதே காரணத்துக்காகத்தான். மறுபதிவு 1961-இல் வந்த ‘ஷோகேஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. தொகுப்புக்கும் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஆக, ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற பெயர் எட்டு வருடப் பயணத்தின் சாரம் என்று நினைக்க வைக்கிறது. பன்னிரண்டு பாட்டின் பதிவுத் தேதிகளையும் வரிசையாக எழுதிப் பார்த்தால், எல்லாமே 1960 நவம்பருக்கும் 1963 பிப்ரவரிக்கும் நடுவில் விழுகின்றன. இரண்டே கால் வருடம். அதற்கு முந்தைய ஐந்து வருட உழைப்பு, ஒரே பாட்டின் மறுபதிவாக மட்டும் உள்ளே நுழைந்திருக்கிறது. உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில் இதுதான்: இந்த ஆல்பம் பாட்சி கிளைனின் வாழ்க்கைச் சுருக்கம் அல்ல. கைவிலங்கு கழன்ற பிறகு அவர் பாடிய காலத்தின் படம். அப்படி எடுத்துக்கொண்டால் இதைவிடச் சிறந்த அரை மணி நேரம் கன்ட்ரி இசையில் எனக்குத் தெரிந்து குறைவு.

‘ஹிட்ஸ்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பன்னிரண்டில் எட்டு, கன்ட்ரி பட்டியலில் ஏறிய பாட்டுகள். ‘ஐ ஃபால் டு பீசஸ்’, ‘ஷீஸ் காட் யூ’ இரண்டும் முதல் இடம். ‘கிரேஸி’ இரண்டாம் இடம், ஆனால் பாப் பட்டியலில் 9 வரை போனது, அந்தப் பக்கம் அவர் தொட்ட உச்சம் அதுதான். ‘லீவிங் ஆன் யுவர் மைண்ட்’, ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’, ‘ஃபேடட் லவ்’ மூன்றும் 1963-இல் முதல் பத்துக்குள் வந்தவை, அவற்றில் கடைசி இரண்டும் அவர் இறந்த பிறகு வெளியானவை. மீதி நான்கு, ‘ஸ்ட்ரேஞ்ச்’, ‘பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ்’, ‘ஒய் கான்ட் ஹி பி யூ’, ‘யூ ஆர் ஸ்ட்ராங்கர் தன் மீ’, சிங்கிள் தட்டுகளின் பின்பக்கத்தில் வந்தவை. அதாவது ஆல்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பி சைட். அதே நேரம், 1962-இல் கன்ட்ரி முதல் பத்துக்குள் வந்த ‘வென் ஐ கெட் த்ரூ வித் யூ’ இதில் இல்லை, 14-ஆம் இடத்தோடு நின்ற ‘ஸோ ராங்’ இருக்கிறது. பட்டியலை மட்டும் பார்த்துத் தொகுத்திருந்தால் இப்படி வராது. விட்டுப்போன பாட்டைக் கேட்டால் காரணம் காதுக்குப் புரிகிறது. அது துள்ளலான, வாலிப வயசுக்காரர்களைப் பார்த்துச் செய்த பாட்டு. மற்ற பன்னிரண்டோடு ஒட்டாது. யாரோ ஒருவர் எண்ணைப் பார்க்காமல் மனநிலையைப் பார்த்து வரிசை போட்டிருக்கிறார், சரியாகவும் போட்டிருக்கிறார். இன்று ‘பேக் இன் பேபிஸ் ஆர்ம்ஸ்’ இத்தனை பேருக்குத் தெரிந்திருப்பதில் இந்த ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

விற்பனைக் கணக்கு. அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் இந்த ஆல்பத்துக்கு ஒரு கோடிப் பிரதி சான்று, அவர்கள் சொல்லும் டைமண்ட் சான்று, கொடுத்திருக்கிறது. இது உறுதி. ஆனால் அது என்ன எண் என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி விண்ணப்பித்து, தணிக்கை செய்து, அமெரிக்காவில் கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளைக் கணக்கிட்டுத் தரும் சான்று அது. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த எண். வெளியான சூட்டில் விற்றது அல்ல. அவர் உயிரோடு இருந்தபோது பில்போர்ட் பத்திரிகையில் கன்ட்ரி ஆல்பங்களுக்கென்று தனிப் பட்டியலே கிடையாது, அது 1964 ஜனவரியில்தான் தொடங்கியது. வாழ்நாளில் அவர் வெளியிட்ட முழு ஆல்பங்களும் மூன்றே மூன்று. 1980-இல் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னின் வாழ்க்கையைச் சொன்ன படத்தில் பாட்சி ஒரு முக்கியப் பாத்திரமாக வந்தார். 1985-இல் ஜெசிகா லாங்கே நடிக்க அவர் வாழ்க்கையே ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’ என்று படமானது. கேசட், பிறகு சிடி என்று உருவம் மாறியபோதெல்லாம், புதிதாகக் கேட்க வந்தவர் கையில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது இந்த ஒரு ஆல்பத்தைத்தான். நம்பர் ஒன் இரண்டு, பிரதி ஒரு கோடி என்ற முரண் இப்படித்தான் அவிழ்கிறது. பட்டியல் ஒரு வாரத்தின் சூட்டை அளக்கிறது. சான்று பல பத்தாண்டுகளைக் கூட்டிச் சொல்கிறது.

ஒலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் அதைச் சொல்லாமல் என்னால் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. ஓவன் பிராட்லியும் அவர் தம்பி ஹரால்டும் நாஷ்வில்லின் 16-ஆவது அவென்யூவில் ஒரு வீட்டை வாங்கி, அதன் பின்னால் ராணுவக் கொட்டகை மாதிரி அரைவட்டத் தகரக் கூரைக் கட்டடம் ஒன்றைச் சேர்த்தார்கள். குவான்செட் ஹட் என்று பெயர். பாட்சியின் டெக்கா பதிவுகள் பிறந்தது அங்கேதான். ‘ஐ ஃபால் டு பீசஸ்’ஸில் கீழே ஓடும் பேஸைக் கவனியுங்கள். பாப் மூர் வாசிக்கும் நின்ற பேஸின் (வயலின் உருவில் ஆளுயரம் இருக்கும் கீழ்ச்சுர வாத்தியம்) ஒவ்வொரு சுரத்தோடும் ஒட்டி, ‘டிக்... டிக்...’ என்று வாய் பொத்தினாற்போல் ஒரு தட்டல் கேட்கும். அது ஹரால்ட் பிராட்லி ஆறு தந்தி எலெக்ட்ரிக் பேஸில், தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு வாசிப்பது. ‘டிக்-டாக் பேஸ்’ என்பார்கள். நின்ற பேஸ் மட்டும் இருந்தால் அந்தக் காலத்துச் சின்ன ரேடியோவிலும் ஜூக்பாக்ஸிலும் கீழ்ச்சுரம் கரைந்து போகும். இந்தத் தட்டல் அதற்கு ஒரு விளிம்பு கொடுக்கிறது. இன்று போனிலேயே பாட்டுக் கேட்பவர்களுக்காக நாங்கள் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதேதான்.

‘கிரேஸி’ பற்றிய கதைகளில் எதை நம்பலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். எழுதியவர் வில்லி நெல்சன், அப்போது பெயர் தெரியாதவர். 1961 ஜூன் 14-ஆம் தேதி நாஷ்வில்லில் நடந்த கார் விபத்தில் பாட்சி உயிர் பிழைத்ததே பெரிது. நெற்றியில் ஆழமான வெட்டு, விலா எலும்பிலும் அடி. ஆகஸ்டில் ஊன்றுகோலோடு செஷனுக்கு வந்தார். உயரச் சுரங்களுக்கு மூச்சுக் கொடுத்தால் விலா வலித்ததால் அன்று பாட்டு அமையவில்லை. வாத்தியங்களைப் பதிவு செய்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து வந்து குரலைத் தனியாகப் பாடிச் சேர்த்தார். இது வரை உறுதி. திரும்பி வந்தபோது ஒரே டேக்கில், அதாவது ஒரே தடவை பாடி, முடித்தார் என்பது அங்கே இருந்தவர்கள் பிற்பாடு நினைவிலிருந்து சொன்னது. இருக்கலாம், நான் அதன் மேல் சத்தியம் செய்ய மாட்டேன். என் காதுக்குக் கேட்பது இதுதான்: அந்தக் குரல் தாளத்துக்கு ஒரு இழை பின்னால் வந்து, வரி முடியும் இடத்தில் சரியாக வந்து உட்காருகிறது. ஒரு பாட்டை வாரக்கணக்கில் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த ஒருவரால்தான் இப்படிப் பாட முடியும். அமெரிக்க ஜூக்பாக்ஸ்களில் அதிகம் ஒலித்த பாட்டு இதுதான் என்றும் அடிக்கடி எழுதுகிறார்கள். அன்றைய ஜூக்பாக்ஸ்கள் அத்தனையிலும் கணக்கு எடுத்தவர் யாரும் இல்லை. அதை மரியாதைக்குச் சொல்லும் சொல்லாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’, ‘தி பெஸ்ட்’ என்று பாட்சி பெயரில் மலிவுத் தொகுப்புகள் எண்ணற்றவை இருக்கின்றன. பலவற்றில் இருப்பது ஃபோர் ஸ்டார் காலப் பாட்டுகள்தான், அந்த மாஸ்டர்கள் பல கைகளுக்குப் போய்விட்டதால். பின் அட்டையில் ‘கிரேஸி’யும் ‘ஷீஸ் காட் யூ’வும் இல்லையென்றால் அது நீங்கள் தேடும் ஆல்பம் இல்லை. 1985 படத்தின் ஒலித்தட்டிலும் குரல் மட்டும்தான் பழையது, வாத்தியங்கள் புதிதாக வாசித்துச் சேர்த்தவை. கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸும் பாட்சியும் சேர்ந்து பாடுவதாக 1981-இல் வந்த டூயட்டும் அப்படித்தான்: இருவரும் வெவ்வேறு விமான விபத்துகளில் இறந்து பல வருடம் கழித்து, இரண்டு தனித்தனி டேப்பை ஸ்டுடியோவில் ஒட்டியது. ஜிம் ரீவ்ஸ் குரலோடு கிறிஸ்துமஸ் கழித்து வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த டூயட் மனசைத் தொடும், தொடட்டும். ஒன்றாக நின்று பாடியது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

இது மட்டும் போதுமா என்பதுதான் உங்கள் கேள்விகளுக்கு அடியில் இருந்தது. முதல் மாதத்துக்குப் போதும். பிறகு, 1991-இல் நான்கு சிடியாக வந்த ‘தி பாட்சி கிளைன் கலெக்‌ஷன்’ எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். 104 பதிவு, காலவரிசையில். அதில் ஃபோர் ஸ்டார் வருடங்களை வரிசையாகக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும். இவ்வளவு பெரிய குரல், ஒவ்வொரு பாட்டிலும் முழுசாக உழைக்கிறது, பாட்டு பாதியிலேயே தீர்ந்துபோகிறது. அதைக் கேட்ட பிறகு ‘ஐ ஃபால் டு பீசஸ்’ தொடங்கினால், மூடிய அறையில் ஜன்னல் திறந்தாற்போல் இருக்கும்.

அதுவரை உங்கள் சிடியில் ஒன்பதாவது பாட்டை, ‘ஃபேடட் லவ்’வை, ராத்திரி ஹெட்போனில் கேளுங்கள். பாப் வில்ஸ் குழுவின் பழைய பாட்டு அது. பாட்சி பாடியது 1963 பிப்ரவரி 4-ஆம் தேதி, விபத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னால். வயலின்கள் பின்னால் விலக, கடைசி வார்த்தைக்கு முன் அவர் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் ஒரு மூச்சு உள்ளே இழுபடும், விம்மலா மூச்சா என்று பிரிக்க முடியாது. எங்கள் வேலையில் இப்படி ஒரு மூச்சு வந்தால் வழக்கமாக வெட்டிவிடுவோம், இல்லை சத்தத்தைக் குறைத்துவிடுவோம். ஓவன் பிராட்லி அதில் கை வைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்.